கை நம்பும் கருவி

(கல்லூரி மாணவர் மன்றக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போட்டிக் கணினி விளையாட்டுக்கு மானிட்டரை எப்படித் தேர்ந்தெடுப்பது, மவுஸை எப்படி அமைத்துக்கொள்வது என்பதுதான் இன்று எனக்குத் தரப்பட்டிருக்கும் தலைப்பு. இதற்கென்று ஒரு கூட்டம் தேவையா என்று, பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோர்களில் சிலர் நினைக்கலாம். தேவை என்றே நான் கருதுகிறேன். வீட்டில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் இந்தப் பொருள்களுக்குப் போகிறது. பெட்டியின்மேல் அச்சிட்ட எண்களுக்கு என்ன பொருள் என்று தெரியாமலே பலர் வாங்குகிறார்கள். வாங்கிய பிறகு, செலவில்லாமல் செய்திருக்க வேண்டிய இரண்டு மூன்று திருத்தங்களைச் செய்யாமலே ஆடுகிறார்கள். பிறகு கருவியைக் குறை சொல்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது ஒன்றுதான். கை செய்த அசைவுக்கும் கண் காணும் விளைவுக்கும் நடுவே இருக்கும் உறவு, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அந்த உறவை நெருக்கமாக்குவதற்கும் நிலையாக்குவதற்கும் பணம் கொடுக்கலாம். அதைக் குலைக்கும் எதுவும், இலவசமாகவே கிடைத்தாலும் வேண்டாம். இனி நான் சொல்லும் எல்லா எண்களையும் இந்த ஓர் அளவுகோலை வைத்துக்கொண்டே கேளுங்கள்.

எடுத்துக்காட்டுக்கு எனக்கு நன்றாகத் தெரிந்த ஓர் ஆட்டத்தை எடுத்துக்கொள்கிறேன். கவுன்ட்டர் ஸ்ட்ரைக். 2000-இல் வால்வ் நிறுவனம் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2012-இல் குளோபல் அஃபென்சிவ், 2023-இல் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 என்று வடிவம் மாறியும் ஆட்டத்தின் அடிப்படை மாறவில்லை. அணிக்கு ஐந்து பேர். தலையில் பட்ட ஒரு குண்டில் ஒரு சுற்றின் போக்கே மாறிவிடும். கருவியின் தரம் எங்கே உதவுகிறது, எங்கே உதவாது என்பதை இவ்வளவு வெளிப்படையாகக் காட்டும் ஆட்டம் குறைவு.

இதில் டஸ்ட் 2 என்ற மேப்பை, அதாவது ஆடுகளத்தை, ஆடியவர்களுக்கு நடுவில் நிற்கும் இரட்டைக் கதவு நினைவிருக்கும். கதவுகளுக்கு நடுவே ஓர் இடுக்கு. சுற்று தொடங்கியதும் எதிரணியினர் கையில் கத்தியுடன் அந்த இடுக்கைக் கடந்து ஓடுவார்கள். இந்தப் பக்கத்தில் ஒருவர் ஏடபிள்யூபி துப்பாக்கியின் தொலைநோக்கி வழியே அந்த இடுக்கையே பார்த்துக்கொண்டிருப்பார். கத்தியோடு ஓடுபவரின் வேகம் ஆட்டத்தின் கணக்கில் வினாடிக்கு 250 அலகு. அவர் உடலின் அகலம் 32 அலகு. தன் உடலகலம் அளவுக்கு நகர அவருக்கு ஆகும் நேரம் 128 மில்லி வினாடி. திரை வினாடிக்கு எத்தனை படம் காட்டுகிறது என்பதே ஹெர்ட்ஸ். அந்த 128 மில்லி வினாடியில் 60 ஹெர்ட்ஸ் திரை ஏழெட்டுப் படங்களைக் காட்டும். 144 ஹெர்ட்ஸ் திரை பதினெட்டுப் படங்களைக் காட்டும். 240 ஹெர்ட்ஸ் திரை முப்பது படங்களைக் காட்டும். 60 ஹெர்ட்ஸ் திரையில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே அவர் ஏறத்தாழ நான்கு அலகு, அதாவது உடலகலத்தில் எட்டில் ஒரு பங்கு, தாவியிருப்பார். 240-இல் அந்தத் தாவல் ஓர் அலகுதான்.

இங்கே நியாயமான ஒரு கேள்வி எழும். மனிதன் கண்ணால் கண்டு விரலை அழுத்தவே ஏறக்குறைய 200 மில்லி வினாடி ஆகிறது. அதற்கு முன்னால், வேகமான திரையால் மிச்சமாகும் பத்து மில்லி வினாடி ஒரு பொருட்டா? பொருட்டுதான். அந்த 200 எதிராளிக்கும் உண்டு. இருவருக்கும் பொதுவானதைக் கழித்துவிட்டால், மீதி இருப்பதில்தான் வெற்றி தோல்வி இருக்கிறது. இதைவிட முக்கியமான காரணம் ஒன்றும் உண்டு. குறி வைப்பது ஒரே முறை கண்டு ஒரே முறை அசைந்து முடியும் செயல் கிடையாது. கை நகர்கிறது, கண் பார்க்கிறது, மனம் திருத்துகிறது, கை மறுபடி நகர்கிறது. இந்தச் சுழற்சி ஓயாமல் நடக்கிறது. திரை அடிக்கடி புதுப்பிக்கப்பட்டால் திருத்தத்துக்குக் கிடைக்கும் தகவல் அடிக்கடி வருகிறது. ஓடும் ஒருவரைக் குறி பிசகாமல் பின்தொடர்வதில் இந்த வேறுபாடு முதல் நாளிலேயே கைக்குத் தெரியும்.

அப்படியானால் மிக அதிக ஹெர்ட்ஸ் உள்ள திரையையே வாங்கிவிடலாமே என்று தோன்றும். கணக்கைப் பாருங்கள். ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி 60 ஹெர்ட்ஸில் 16.7 மில்லி வினாடி, 144-இல் 6.9, 240-இல் 4.2, 360-இல் 2.8, 540-இல் 1.9. 60-இலிருந்து 144-க்குப் போகும்போது ஏறத்தாழ பத்து மில்லி வினாடி மிச்சமாகிறது. 144-இலிருந்து 240-க்கு மூன்றுக்கும் குறைவு. 240-இலிருந்து 360-க்கு ஒன்றரைகூட இல்லை. 360-இலிருந்து 540-க்கு ஒன்றுக்கும் கீழே. விலை ஏற ஏறப் பயன் சுருங்குகிறது. ஆடத் தொடங்கும் மாணவருக்கு 144 முதல் 180 ஹெர்ட்ஸ் வரையிலான திரை போதும். போட்டிகளில் பெயர் கொடுத்து, அணியாகப் பயிற்சி எடுத்து ஆடுபவருக்கு 240 தகுந்தது. அதற்கு மேலே உள்ளவை, ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு.

ஹெர்ட்ஸ் எண்ணின் மதிப்பை முதலில் உணர்ந்தவர்கள் ஆட்டக்காரர்களே. கவுன்ட்டர் ஸ்ட்ரைக் வந்த காலத்தில் எல்லார் மேசையிலும் இருந்தது கனமான சிஆர்டி திரை. நல்ல சிஆர்டி 100 ஹெர்ட்ஸுக்கு மேலும் ஓடியது. பிறகு தட்டையான எல்சிடி திரைகள் வந்தன. மேசையில் இடம் மிச்சம், மின்சாரம் மிச்சம். ஆனால் அவை 60 ஹெர்ட்ஸில் நின்றன, படமும் இழுத்தது. அலுவலகங்களும் வீடுகளும் மாறியபோதும் தொழில்முறை ஆட்டக்காரர்கள் பலர் பல ஆண்டுகள் பழைய பெட்டித் திரையை விடவில்லை. 2009 வாக்கில், முப்பரிமாணக் கண்ணாடிக்காக 120 ஹெர்ட்ஸ் எல்சிடி திரைகள் சந்தைக்கு வந்தன. முப்பரிமாண மோகம் ஓய்ந்தது. அந்த 120 ஹெர்ட்ஸை ஆட்டக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். 2010-இல் பென்க்யூ நிறுவனம் ஸ்வீடனின் புகழ்பெற்ற கவுன்ட்டர் ஸ்ட்ரைக் வீரர்களான ஹீட்டன், ஸ்பான் இருவரின் ஆலோசனையோடு எக்ஸ்எல்2410டி என்ற திரையை உருவாக்கியது. போட்டிக்கென்றே ஒரு திரை என்ற எண்ணம் அதிலிருந்து வலுப்பட்டது. அழகிய வண்ணத்துக்காக இவர்கள் திரையைத் தேடவில்லை. கை நம்பக்கூடிய திரையைத் தேடினார்கள்.

அடுத்து, பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் இருக்கும் '1 மில்லி வினாடி'. இதை ஹெர்ட்ஸோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். திரையின் ஒரு புள்ளி ஒரு நிறத்திலிருந்து இன்னொரு நிறத்துக்கு மாற எடுத்துக்கொள்ளும் நேரம் அது. சாம்பல் நிறத்தின் ஓர் அளவிலிருந்து இன்னோர் அளவுக்கு மாறுவதை வைத்து அளக்கிறார்கள். பல திரைகளில் அந்த ஒன்று கிடைப்பது ஓவர்டிரைவ் என்ற அமைப்பை உச்சத்தில் வைத்தால்தான். உச்சத்தில் வைத்தால் புள்ளிகள் போக வேண்டிய நிறத்தைத் தாண்டிப் போய்த் திரும்பும். ஓடும் உருவத்தின் பின்னால் வெளிறிய நிழல் ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே கடையிலிருந்து கொண்டுவந்ததும் ஓவர்டிரைவை நடு அளவில் வைத்துப் பாருங்கள். பெரும்பாலான திரைகளில் அதுவே சரியாக இருக்கும்.

திரையின் வகையையும் கேட்டு வாங்க வேண்டும். டிஎன் வகை வேகமானது. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் நிறம் மாறும், வண்ணமும் மங்கல். ஆட்டத்துக்கு மட்டும் என்றால் குறையில்லை. ஐபிஎஸ் வகையில் வண்ணம் நன்று. இன்றைய ஐபிஎஸ் திரைகள் வேகத்திலும் முன்னேறிவிட்டன. படிப்புக்கும் ஆட்டத்துக்கும் ஒரே திரை வேண்டும் என்கிற வீட்டுக்கு என் பரிந்துரை இதுவே. விஏ வகையில் கறுப்பு ஆழமாக இருக்கும். ஆனால் இருண்ட நிறங்களுக்கு நடுவே மாறும்போது பல விஏ திரைகள் பின்தங்கும். நிழலில் ஒளிந்து நகர்பவரைத் தேடும் ஆட்டத்தில் அந்தக் கறை தடையாகும். ஓஎல்இடி வகைக்குப் புள்ளி மாறும் நேரம் ஏறத்தாழ இல்லை எனலாம், வண்ணமும் சிறப்பு. விலை அதிகம். திரையின் ஒரே இடத்தில் நாள்தோறும் பல மணி நேரம் நிற்கும் ரேடார், உயிர் எண், குண்டு எண் போன்றவை காலப்போக்கில் தடம் பதிக்கும் அபாயமும் அதற்கு உண்டு.

புள்ளி எவ்வளவு வேகமாக மாறினாலும் ஒரு மங்கல் மிஞ்சும். திரை ஒரு படத்தை அடுத்த படம் வரும்வரை அசையாமல் பிடித்து வைத்திருக்கிறது. நம் கண்ணோ ஓடும் உருவத்தைத் தொடர்ந்து நகர்ந்துகொண்டே இருக்கிறது. வினாடிக்கு 960 புள்ளி வேகத்தில் நகரும் உருவம் 60 ஹெர்ட்ஸில் 16 புள்ளி அகலத்துக்குக் குழம்பித் தெரியும். 240-இல் நான்கு புள்ளிக்குத்தான். இதைக் குறைக்கப் படங்களுக்கு நடுவே பின்விளக்கை அணைத்து ஏற்றும் அமைப்பும் சில திரைகளில் உண்டு. ஒளி சற்றுக் குறையும், சிலருக்குக் கண் கூசும். பத்து நிமிடம் ஆடிப் பார்த்து முடிவு செய்யலாம்.

அளவு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய போட்டி மேடைகளில் நெடுங்காலமாக வழக்கத்தில் இருப்பவை 24 அங்குலம் ஒட்டிய திரைகள், 1920-க்கு 1080 புள்ளிகள். உட்கார்ந்த இடத்திலிருந்து தலையைத் திருப்பாமல் திரை முழுவதும் கண்ணுக்குள் அடங்க வேண்டும் என்பதே காரணம். 1080 என்பதால் கணினிக்கும் சுமை குறைவு. வளைந்த பெரிய திரைகள் படம் பார்க்க நன்றாக இருக்கும். இந்த ஆட்டத்துக்கு அவற்றால் தனிப் பயன் எதுவும் இல்லை.

நீங்கள் பார்க்கும் வீரர்கள் பலர் படத்தை 4:3 விகிதத்தில் வைத்து அகலத் திரை முழுக்க இழுத்து ஆடுகிறார்கள். அப்படி ஆடினால் எதிராளியின் உருவம் மூன்றில் ஒரு பங்கு அகலமாகத் தெரியும். கூடவே அவர் திரையைக் கடக்கும் வேகமும் அதே அளவு கூடும். பக்கவாட்டுப் பார்வை 106 டிகிரியிலிருந்து 90-க்குக் குறையும். ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுகிற ஏற்பாடு இது. புகழ்பெற்றவர் செய்கிறார் என்பதற்காக மட்டும் செய்ய வேண்டாம்.

திரை வாங்கியாயிற்று. இனி நான் சொல்வதற்குச் செலவே கிடையாது, ஆனால் பல வீடுகளில் நடப்பதில்லை. 144 ஹெர்ட்ஸ் திரையைப் பொருத்திய பிறகும் விண்டோஸ் 60-லேயே நின்றுவிடக்கூடும். டிஸ்ப்ளே செட்டிங்ஸின் உள்ளே போய் ரெஃப்ரெஷ் ரேட்டை நாமே மாற்றினால்தான் கொடுத்த பணத்துக்குப் பொருள் உண்டு. திரையில் டிஸ்ப்ளேபோர்ட் இருந்தால் அந்த வழியே இணையுங்கள். பல திரைகளில் எச்டிஎம்ஐ வழியில் முழு ஹெர்ட்ஸ் கிடைப்பதில்லை. கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் கேபிளை அந்த கார்டிலேயே செருக வேண்டும், மதர்போர்டில் செருகக் கூடாது. ஆட்டத்துக்குள் வி-சிங்க் அணைந்திருக்க வேண்டும். அது படக் கிழிசலைத் தடுக்கிறது, ஆனால் தாமதத்தைக் கூட்டுகிறது. எல்லாவற்றுக்கும் மேலே, கணினி வினாடிக்கு எத்தனை பிரேம், அதாவது எத்தனை படம், தருகிறது என்று முதலில் பாருங்கள். சண்டை முற்றி, புகையும் தீயும் சூழ்ந்த நேரத்தில் 90 பிரேமுக்கு இறங்கிவிடும் கணினியின் முன் 240 ஹெர்ட்ஸ் திரையை வைத்து என்ன பயன்? அந்தப் பணத்தில் கணினியின் குறையைத் தீர்ப்பதே அறிவு. பிரேம் எண்ணிக்கை ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் கையின் கணக்கும் தடுமாறும். சில நேரம் 300, சில நேரம் 90 என்பதைவிட, எப்போதும் 140 என்பது மேல்.

இனி மவுஸ்.

மவுஸை ஓர் அங்குலம் நகர்த்தினால் அது கணினிக்கு எத்தனை அடிகளாக எண்ணிச் சொல்கிறது என்பதுதான் டிபிஐ. 800 டிபிஐ என்றால் ஓர் அங்குலத்துக்கு 800 அடி. இன்று விளம்பரங்களில் 25,000, 30,000 என்றெல்லாம் பார்க்கிறீர்கள். அந்த எண்ணில் எவரும் இந்த ஆட்டத்தை ஆடுவதில்லை. தொழில்முறை வீரர்களில் மிகப் பெரும்பாலோர் 400, 800, 1600 ஆகிய மூன்றுக்குள் இருக்கிறார்கள். 400 என்ற எண்ணுக்கு ஒரு வரலாறு உண்டு. முந்தைய தலைமுறை வீரர்கள் விரும்பிப் பிடித்த மைக்ரோசாஃப்ட் இன்டெல்லிமவுஸ் எக்ஸ்ப்ளோரர் 3.0-வின் டிபிஐ 400. அந்தக் கைப்பழக்கம் தலைமுறை தாண்டி வந்துவிட்டது.

டிபிஐ பாதிக் கதைதான். ஆட்டத்துக்குள் வைக்கும் சென்சிட்டிவிட்டி மறுபாதி. இரண்டையும் பெருக்கி வருவதை ஆட்டக்காரர்கள் ஈ-டிபிஐ என்கிறார்கள். 400 டிபிஐயில் 2 வைத்தாலும், 800-இல் 1 வைத்தாலும் பெருக்கல் 800. கையும் குறியும் ஒரே அளவு நகரும். அந்த அளவு என்ன என்பதைச் சென்டிமீட்டரில் அறிந்துகொள்வதே சிறந்தது. கவுன்ட்டர் ஸ்ட்ரைக்கில் சென்சிட்டிவிட்டி 1 என்றால் மவுஸின் ஓர் அடிக்குப் பார்வை 0.022 டிகிரி திரும்பும். 800 அடிக்கு, அதாவது 800 டிபிஐயில் ஓர் அங்குலத்துக்கு, 17.6 டிகிரி. முழு வட்டம் 360 டிகிரி திரும்ப இருபதரை அங்குலம், அதாவது 52 சென்டிமீட்டர் கை நகர வேண்டும். வாலொரன்ட் என்ற இன்னோர் ஆட்டத்தை ஆடுபவர்கள் கவுன்ட்டர் ஸ்ட்ரைக் எண்ணை 3.18-ஆல் வகுத்துக்கொண்டால் அதே தூரம் கிடைக்கும்.

கணக்கு வேண்டாம் என்பவர்கள் ஸ்கேலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆட்டத்தில் தனியாக ஒரு பயிற்சி மேப்பைத் திறந்து, சுவரில் ஒரு புள்ளியில் குறியை வையுங்கள். மவுஸ் பேடின் விளிம்போடு ஸ்கேலை வைத்து, மவுஸை மெதுவாக ஒரே திசையில் நகர்த்துங்கள். சுற்றி வந்து அதே புள்ளியில் குறி நிற்கும்போது எத்தனை சென்டிமீட்டர் ஆயிற்று என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்த எண்தான் உங்கள் கையின் உண்மையான அளவு. மவுஸ் மாறலாம், ஆட்டம் மாறலாம், கணினி மாறலாம். அந்த எண்ணைக் கொண்டு எங்கேயும் பழைய நிலைக்குத் திரும்பிவிட முடியும்.

எந்த எண் நல்ல எண் என்ற கேள்விக்கு விடையாக இரண்டு கவுன்ட்டர் ஸ்ட்ரைக் வீரர்களைச் சொல்கிறேன். உக்ரைனின் சிம்பிள் நெடுங்காலம் 400 டிபிஐ, 3.09 சென்சிட்டிவிட்டியில் ஆடியவர். முழு வட்டத்துக்கு ஏறத்தாழ 34 சென்டிமீட்டர். பிரான்ஸின் சைவூ 400 டிபிஐ, 2 சென்சிட்டிவிட்டியில் ஆடியவர். முழு வட்டத்துக்கு 52 சென்டிமீட்டர். கவுன்ட்டர் ஸ்ட்ரைக்குக்கான எச்எல்டிவி தளத்தின் ஆண்டுப் பட்டியலில் சிம்பிள் 2018, 2021, 2022 ஆண்டுகளில் உலகின் முதல் வீரர். சைவூ 2019, 2020, 2023 ஆண்டுகளில் முதல் வீரர். ஒருவர் கை நகரும் தூரம் இன்னொருவருடையதைவிட ஒன்றரை மடங்கு. இருவரும் உச்சியில் நின்றார்கள். மந்திர எண் என்று ஒன்று இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது. முழு வட்டத்துக்கு முப்பதிலிருந்து அறுபது சென்டிமீட்டருக்குள் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, அதிலேயே ஆயிரக்கணக்கான மணி நேரம் உழைப்பதுதான் வழி.

அந்த எல்லைக்குள் உங்கள் இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? இரண்டு சோதனைகள் போதும். மவுஸைப் பேடின் நடுவில் வைத்து, ஒரே வீச்சில் பின்னால் திரும்பிப் பாருங்கள். பேடின் விளிம்பில் இடித்து, மவுஸைத் தூக்கி வைத்தால்தான் திரும்ப முடிகிறது என்றால், ஒன்று பேடு சிறியது, அல்லது சென்சிட்டிவிட்டி மிகக் குறைவு. 52 சென்டிமீட்டர் எண்ணுடையவருக்குப் பாதி வட்டம் திரும்பவே 26 சென்டிமீட்டர் வேண்டும். 45 சென்டிமீட்டர் பேடின் நடுவிலிருந்து ஒரு பக்கம் இருப்பது இருபத்திரண்டரைதான். பேடையும் எண்ணையும் சேர்த்தே யோசிக்க வேண்டும் என்பது இதனால்தான். இரண்டாவது சோதனை, தொலைவில் ஒரு தலையளவு இலக்கின்மேல் குறியை விரைந்து கொண்டுபோய் நிறுத்துவது. திரும்பத் திரும்பத் தாண்டிப் போகிறது என்றால் சென்சிட்டிவிட்டியைக் கொஞ்சம் குறையுங்கள். எட்டாமல் நிற்கிறது என்றால் கொஞ்சம் கூட்டுங்கள். கொஞ்சம் என்றால் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் வேண்டாம்.

கண்டுபிடித்த பிறகு அதைத் தொடக் கூடாது. ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்? ஆட்டத்தில் வரும் ஏகே-47 துப்பாக்கியை எடுத்துக்கொள்ளுங்கள். அது வினாடிக்குப் பத்துக் குண்டு சுடும். விசையைப் பிடித்தபடி சுட்டால் குண்டுகள் முதலில் மேலே ஏறும், பிறகு பக்கவாட்டில் அலையும். அந்த அலைவுக்கு நிலையான ஒரு வடிவம் உண்டு. தேர்ந்த வீரரின் கை அந்த வடிவத்துக்கு எதிர்வடிவத்தை மேசையின்மேல் வரைகிறது. முதல் வினாடியில் கீழே இழுக்க வேண்டிய தூரம் தசைக்குத் தெரியும், அறிவுக்குத் தெரியாது. சென்சிட்டிவிட்டியைப் பாதியாக்கினால் அந்தத் தூரம் இரட்டிப்பாகிறது. மாதக்கணக்கில் தசை கற்றது அந்த நொடியில் செல்லாமல் போகிறது. கேரம் ஆடுபவர் நாளுக்கொரு எடையில் ஸ்ட்ரைக்கரை மாற்றிக்கொண்டே இருந்தால் அவர் விரல் எதைக் கற்கும்? ஒரு தோல்விக்குப் பிறகு செட்டிங்ஸுக்குள் போய் எண்ணை மாற்றுவது அப்படிப்பட்ட செயல்.

கையின் கணக்கைக் குலைக்கும் இன்னொன்று விண்டோஸிலேயே ஒளிந்திருக்கிறது. மவுஸ் அமைப்புகளில் 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்று ஒரு கட்டம் இருக்கும். பெயர் துல்லியத்தைச் சொல்கிறது. அது செய்வதோ, கை வேகமாக நகர்ந்தால் குறியைக் கூடுதல் தூரம் ஓட்டுவது. ஒரே பத்து சென்டிமீட்டர் அசைவு, மெதுவாகச் செய்தால் ஓர் இடத்திலும் வேகமாகச் செய்தால் இன்னோர் இடத்திலும் கொண்டுபோய் விடும். அந்தக் கட்டத்தை நீக்கிவிடுங்கள். கவுன்ட்டர் ஸ்ட்ரைக் 2 மவுஸின் தரவை விண்டோஸைத் தாண்டி நேராக எடுத்துக்கொள்கிறது. எல்லா ஆட்டங்களும் அப்படிச் செய்வதில்லை. ஆகவே நீக்கி வைப்பதே பாதுகாப்பு.

போலிங் ரேட் என்பது மவுஸ் வினாடிக்கு எத்தனை முறை கணினியிடம் தன் நிலையைச் சொல்கிறது என்ற எண். சாதாரண அலுவலக மவுஸ் 125 முறை சொல்லும், எட்டு மில்லி வினாடிக்கு ஒரு முறை. ஆட்டத்துக்கான மவுஸ் 1000 முறை சொல்லும், ஒரு மில்லி வினாடிக்கு ஒரு முறை. 125-இலிருந்து 1000-க்குப் போனால் இடைவெளி ஏழு மில்லி வினாடி சுருங்குகிறது. மவுஸின் மென்பொருளில் ஒரு சொடுக்கில் இது முடிந்துவிடும். 8000 முறை சொல்லும் மவுஸ்களும் வந்துவிட்டன. அதில் கூடுதலாகச் சுருங்குவது ஒரு மில்லி வினாடிக்கும் குறைவு, கணினிக்குச் சுமையும் ஏறும். சாதாரணக் கணினி வைத்திருப்பவர்களுக்கு 1000 போதும்.

மவுஸின் உடலைப் பற்றி ஒரு சொல். கையின் நீளத்துக்கும் பிடிக்கும் முறைக்கும் பொருந்துகிறதா என்பதே முதல் கேள்வி. உள்ளங்கை முழுவதும் படிய வைப்பவருக்கு முதுகு உயர்ந்த மவுஸ் பொருந்தும். விரல் நுனியால் பிடிப்பவருக்குச் சிறியது பொருந்தும். எடை குறைந்தது நல்லது என்பதை எல்லாரும் ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். லாஜிடெக் 2018-இல் கொண்டுவந்த ஜி ப்ரோ வயர்லெஸ் 80 கிராம். 2020-இல் வந்த சூப்பர்லைட் 63 கிராமுக்கும் குறைவு. வயர் இல்லாத மவுஸ் பின்தங்கும் என்ற பழைய அச்சமும் அந்தக் கருவிகளால் நீங்கியது. ஆனால் மூன்றில் ஒரு பங்கு விலையில் கிடைக்கும் வயர் உள்ள நல்ல மவுஸின் சென்சார் உங்களை எந்த ஆட்டத்திலும் தோற்கடிக்காது. கடையில் கையில் பிடித்துப் பார்க்காமல் மவுஸ் வாங்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

பெற்றோர்கள் இருக்கும் அவை என்பதால் உடலைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2015-இல் எச்எல்டிவி பட்டியலின் முதல் வீரராக இருந்தவர் ஸ்வீடனின் ஒலோஃப்மைஸ்டர். 2016-இல் கையில் ஏற்பட்ட காயத்தால் அவர் ஆட்டத்திலிருந்து சில காலம் ஒதுங்கி இருக்க வேண்டியதாயிற்று. உலகின் முதல் வீரருக்கே அது நேர்ந்தது. சென்சிட்டிவிட்டியை மிக உயரத்தில் வைத்தால் வேலை முழுவதும் மணிக்கட்டின்மேல் விழும். குறைவாக வைத்தால் முழங்கையும் தோளும் பங்கெடுத்துக்கொள்ளும். மேசையின் உயரம் முழங்கையோடு சமமாக இருக்கட்டும், முன்கை முழுவதும் மேசையில் படியட்டும். மணிக்கட்டில் வலி தொடங்கினால் அன்றைய ஆட்டத்தை நிறுத்துங்கள். வலியோடு ஆடிப் பெறும் பயிற்சி பயிற்சி ஆகாது.

கடைசியாக, எதை முதலில் செய்வது என்ற வரிசையைச் சொல்லி முடிக்கிறேன். இன்றிரவே வீட்டுக்குப் போய் ரெஃப்ரெஷ் ரேட், கேபிள், வி-சிங்க், பாயின்டர் கட்டம், போலிங் ரேட் ஆகிய ஐந்தையும் சரிபாருங்கள். ஒரு ரூபாய் செலவில்லை. கையில் கொஞ்சம் பணம் இருந்தால் முதலில் பெரிய பேடு ஒன்று வாங்குங்கள். அடுத்து, கைக்குப் பொருந்தும் மவுஸ். கணினி நிலையாக 140 பிரேமுக்கு மேல் தந்தால் மட்டும் வேகமான திரை. தரவில்லை என்றால் முதலில் கணினி.

மாணவ நண்பர்களே, உங்கள் முழு வட்டத்தின் சென்டிமீட்டரை அளந்து, ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவையுங்கள். மூன்று மாதம் அந்த எண்ணைத் தொடாதீர்கள். தோற்கும் நாளில் தொடவே தொடாதீர்கள். பெற்றோர்களே, பிள்ளை புதிய கருவி கேட்டால், அந்தத் தாளை முதலில் காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்டத் தெரிந்த பிள்ளைக்கு நம்பி வாங்கிக் கொடுக்கலாம்.